ஸ்கைலைன்: வான்வரையா, நகர்முகடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படக்கலைச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடும் இந்த இழையில், 'ஸ்கைலைன்' (நகரக் கட்டடங்களின் மேல்விளிம்பு வானத்தில் வரையும் கோடு) என்பதற்கு இதுவரை வான்வரை, வான்வரி, வான்விளிம்பு, நகர்விளிம்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. அகராதியை வைத்துப் பார்த்தால் நான்குமே பொருந்தும். ஆனால் சொல்லை அன்றாடம் புழங்கப்போவது நீர்க்கரையில் ட்ரைபாடை விரித்து நிற்கும் படக்காரர்கள். அவர்கள் வாக்கியத்துக்குள் வைத்துப் பார்த்தபின், நான் முன்வைக்கும் சொல் 'நகர்முகடு'.

முதலில் மற்றவற்றின் சிக்கல். 'சிங்கப்பூர் வான்வரை' என்று எழுதினால் சிங்கப்பூரிலிருந்து வானம் வரைக்கும் என்றுதான் காதில் விழுகிறது. 'வரை' என்பது கோடு, மலை என்றெல்லாம் பொருள் தரும் அருமையான பழஞ்சொல். இன்றைய பேச்சில் அந்தப் பொருள்கள் பின்னே போய்விட்டன. 'வான்வரி' தலைப்பில் வந்தால் விமானப் பயணத்துக்குப் புதிதாக ஏதோ வரி போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். 'வான்விளிம்பு' தொடுவானத்தோடு மோதுகிறது. 'நகர்விளிம்பு' என்றால் யாருக்கும் புறநகர்தான் நினைவுக்கு வரும்.

முகடு அப்படியில்லை. கூரை முகடு, மலை முகடு இரண்டும் வீட்டுப் பேச்சில் இருப்பவை. இரண்டிலுமே அது ஒற்றை உச்சியை மட்டும் குறிப்பதில்லை, மேலே நீளமாக ஓடும் விளிம்பையும் குறிக்கும். சிங்கப்பூரின் மரினா பே நீர்ப்பரப்பின் கிழக்குக் கரையில், மரினா பே சாண்ட்ஸ் விடுதி முன்னால் நின்று எதிரே வணிக வட்டாரமான ராஃபிள்ஸ் பிளேஸைப் பாருங்கள். அங்கே மூன்று கோபுரங்கள் ஒரே உயரம்: 1986இல் வந்த ஓயுபி சென்டர் (இப்போது ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ்), 1992இன் யுஓபி பிளாசா ஒன், 1995இன் ரிபப்ளிக் பிளாசா, எல்லாம் 280 மீட்டர். விமானப் போக்குவரத்துக்காக விதித்த உயர வரம்பு அது. 2016இல் தஞ்சோங் பகாரில் 290 மீட்டர் கட்டடம் ஒன்று அதைத் தாண்டியது. ஆனாலும் கரையிலிருந்து பார்க்கும்போது கூட்டமாக எழும்பி மேலே மட்டமாக முடியும் தோற்றம்தான் சிங்கப்பூருக்கு அடையாளம். சிகரம், கோபுரம் என்ற சொற்களால் இதைச் சொல்லமுடியாது. முகடு சரியாக உட்காருகிறது. (அந்தக் கட்டடங்களின் நடுவே சூலியா தெரு ஓடுகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர் அது. சிங்கப்பூர், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் ஊரும் கூட. அந்தக் காட்சிக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்த இதுவும் காரணம்.)

'வான்முகடு' ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். வானத்தின் உச்சியைக் குறிக்க அது ஏற்கெனவே இருக்கிறது. அதனால் 'நகர்' முன்னால் வருவது கட்டாயம்.

ஐயா ஒருவர் எழுப்பிய தடை முக்கியமானது: பள்ளிக் கணக்கில் முகடு என்பது சராசரி, இடைநிலை அளவோடு வரும் ஒரு புள்ளியியல் சொல், இயற்பியலில் அலையின் மேற்பகுதி. உண்மைதான். ஆனால் 'நகர்' சேர்ந்தபின் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். தவிர, இயற்பியல் நமக்கு ஒரு துணைச்சொல்லையும் கையில் தருகிறது. அலைக்கு முகடு, அகடு என்று படித்தோம் அல்லவா? கட்டடக் கூட்டங்களுக்கு இடையே வானம் கீழே இறங்கும் இடைவெளியை 'அகடு' எனலாம். படத்தைச் சட்டமிடும்போது அந்த இடைவெளியை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு இன்றுவரை 'கேப்' (gap) என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து 'புளூ அவர்', அதாவது சூரியன் மறைந்தபின்னோ உதிக்கும் முன்னோ வானம் அடர்நீலமாகத் தெரியும் சிறுபொழுது. 'நீல மணி' வேண்டவே வேண்டாம். மணி என்றால் மணிக்கல்லோ என்று தோன்றும், அதோடு அது ஒரு மணி நேரம் நீடிப்பதும் இல்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போக 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். ஜூன் மாத லண்டனில் அதே இறக்கத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் அங்கே சூரியன் சாய்வாகப் போகிறது. 'நீல அந்தி' என்பது என் பரிந்துரை. காலை அந்தி, மாலை அந்தி என்று இரண்டுக்கும் பழைய வழக்கு இருப்பதால் விடியலில் படம் எடுப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

இந்த இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று பின்னியவை. சூரியன் மறைந்த உடனே வானம் வெளிச்சமாகவும் கட்டடம் இருட்டாகவும் இருக்கும். கட்டடத்துக்கு ஒளியளந்தால் வானம் வெளிறிப்போகும், வானத்துக்கு அளந்தால் கட்டடம் கரிய உருவாகிவிடும். கொஞ்ச நேரத்தில் சன்னல் விளக்குகளும் வானமும் ஒரே அளவு ஒளிக்கு வரும். கேமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப்/8 என்று வைத்துச் சில நொடிகள் திறந்தால் இரண்டுமே பதியும். அந்த நேரத்தையும் விட்டுவிட்டால் வானம் கறுத்து, கூரை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் வெறும் விளக்குப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். நகர்முகடு கோடாகத் தெரிவது நீல அந்தியில்தான். வாரநாள் என்றால் இன்னும் நல்லது, அலுவலகங்களில் விளக்கு எரியும்.

கடைசியாக நீரில் விழும் உருவம். பட்டியலில் அதற்கு 'நீர்ப்பிம்பம்' என்று போட்டிருந்தீர்கள். நீர் அசையாமல் இருந்தால் சரி. மரினா பே இப்போது கடலில்லை. 2008இல் மரினா பராஜ் தடுப்பணை வந்தபின் அது நன்னீர்த் தேக்கமாக மாறியது, ஓதம் ஏறி இறங்குவதில்லை. இருந்தாலும் காற்று இருக்கிறது, படகு போகிறது. சிற்றலை எழும்போது ஒவ்வொரு அலைச்சரிவும் ஒரே விளக்கைத் தனித்தனியாகத் திருப்பியனுப்புவதால், விளக்கு நம்மை நோக்கி நீண்டு வரும் பட்டையாகிறது. அதில் பிம்பமே இல்லை. 'ஒளியிழை' இணையக் கம்பிவடத்துக்குப் போய்விட்டது. 'ஒளித்தூண்' பனித்துகள்களால் வானில் தெரியும் வேறொரு நிகழ்வுக்கு வேண்டும். ஆகவே 'ஒளித்தாரை' எனலாமா? நீண்ட நேரத் திறப்பில் நீர் பட்டுப்போல் வழவழப்பாகிவிடும், தாரைகள் மட்டும் நிற்கும். அந்தப் படங்களை விவரிக்க இச்சொல் நன்றாக வரும்.

புணர்ச்சியில் ஒரு கேள்வி மிச்சம். 'நகர்முகட்டுப் படம்' என்று ஒட்டி எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. 'நகர முகடு' என்று பிரித்தால் தேடுபொறியில் எளிதில் அகப்படும் என்று சிலர் சொல்வார்கள். இலக்கணம் அறிந்தவர்கள் எது என்று சொன்னால் அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.