இரண்டு நெட்வொர்க் கார்டுகள், ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள்

ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைப் பராமரித்து வந்தபோது எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தன. எனக்கு முன் பார்த்துக்கொண்டவர், இரண்டையும் மாட்டினால் வேகம் இரட்டிப்பாகும் என்று நம்பியிருக்க வேண்டும். முதல் கார்டுக்கு 192.168.1.10, இரண்டாவதற்கு 192.168.1.11 என முகவரி கொடுத்து, இரு கேபிள்களையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தார். ஊழியர்கள் பயன்படுத்தியது 10-இல் முடியும் முகவரியை மட்டுமே. சிலருக்குச் சர்வரிலிருந்து கோப்பைத் திறப்பது வேகமாகவும், அதே கோப்பைத் திரும்பச் சேமிப்பது மிக மெதுவாகவும் இருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு எந்தக் குறையும் இராது. மறுநாள் காலையில் இருவரின் நிலையும் இடம் மாறியிருக்கும்.

ஹார்டு டிஸ்கையும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் சந்தேகித்து ஒரு வாரத்தைப் போக்கினேன். இரண்டாவது கார்டின் கேபிளைக் கழற்றி வைத்த பிறகும் 11-ஆம் முகவரி, 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்ட அன்றுதான் எங்கே பார்க்க வேண்டும் என்று விளங்கிற்று.

ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியை, அதாவது கார்டின் வன்பொருள் முகவரியைக் கண்டறிய, 1982-இல் வெளியான ஆர்ப் நெறிமுறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். 'இந்த ஐபி யாருடையது' என்று ஒரு கணினி வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும், உரியவர் தம் மேக் முகவரியைச் சொல்வார். லினக்ஸின் இயல்பான அமைப்பில் ஐபி முகவரி கார்டுக்குச் சொந்தமானதன்று, கணினிக்குச் சொந்தமானது. இணையத் தர ஆவணமான, 1989-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1122 இந்தப் போக்கையும் ஏற்கிறது. ஆகவே 10 யாருடையது என்ற கேள்வி இரு கார்டுகளுக்கும் போய்ச் சேர்ந்ததும், இரண்டுமே 'நான்தான்' என்றன. கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து ஆர்ப் கேள்வியை அனுப்பிப் பார்க்கும் ஆர்பிங் கட்டளையை இயக்கியபோது, ஒரே கேள்விக்கு இரண்டு மேக் முகவரிகள் வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இதனால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. இரண்டாவது கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போயிருந்ததால், அந்தக் கார்டு 1 ஜிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட்டில் இணைந்திருந்தது. எந்தக் கணினி இரண்டாவது மேக் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டதோ, அது அனுப்பியவை அந்தக் குறுகிய வழியில் நுழைந்தன. சர்வர் திருப்பி அனுப்பியவையோ, எது எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணைப்படி முதல் கார்டு வழியாகவே போயின. படிப்பது வேகமாகவும் எழுதுவது மெதுவாகவும் இருந்ததற்குக் காரணம் இதுவே.

அவசரத்தில் முதலில் ஒரு தவறும் செய்தேன். ஒரு கார்டில் வந்ததற்கான பதில் அதே கார்டு வழியாகத் திரும்புமா என்று சரிபார்க்கும் ஆர்பி ஃபில்டர் என்ற அமைப்பைக் கண்டிப்பான நிலையான 1-க்கு மாற்றியதும், இரண்டாவது கார்டில் வந்தவற்றைச் சர்வர் சத்தமில்லாமல் தூக்கியெறிந்தது. பாதிப் பேருக்கு இணைப்பே போயிற்று. பிறகு அதைத் தளர்வான நிலையான 2-க்குத் திருப்பி, ஒவ்வொரு கார்டும் தன் முகவரிக்கு மட்டும் பதில் சொல்ல ஆர்ப் இக்னோரை 1 எனவும், தன் முகவரியையே அறிவிக்க ஆர்ப் அனௌன்ஸை 2 எனவும் வைத்து, ஊழியர்களின் கணினிகளில் பழைய ஆர்ப் பதிவுகளை அழித்த பின்னரே ஒரு கேள்விக்கு ஒரு பதில் வந்தது. ஆனாலும் ஒரே சப்நெட்டில், அதாவது வலையமைப்பின் ஒரே பிரிவில், இரு கார்டுகளைத் தனித்தனியாக விடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். வேகம் வேண்டுமென்றால் இரு கார்டுகளையும் ஒன்றாகப் பிணைக்கும் பாண்டிங் செய்ய வேண்டும். நான் கேபிளை மாற்றி, இரண்டாவது கார்டைப் பேக்கப்புக்கென வேறு சப்நெட்டில் ஒதுக்கிவிட்டேன்.

*

மேலே எழுதியவர் என் நண்பர். அவர் மேக் முகவரியில் பட்ட பாட்டை நான் தளப் பெயர்களில் பட்டேன். வீட்டு வைஃபையிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக அலுவலகத்துடன் இணையும் விண்டோஸ் 10 மடிக்கணினியில், அலுவலகத்தின் உள் தளம் சில வேளைகளில் திறக்கும், சில வேளைகளில் ஒரு விளம்பரப் பக்கம் வந்து நிற்கும். பெயருக்குரிய முகவரியைத் தேடும் என்எஸ்லுக்கப் கட்டளையில் கேட்டால் எப்போதும் சரியான முகவரியே வந்ததால், பிரவுசரைத்தான் வெகுநாள் குறைகூறிக்கொண்டிருந்தேன். என்எஸ்லுக்கப், பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் தானே நேராகக் கேட்கிறது. விண்டோஸின் பெயர் தேடும் சேவை போகும் வழியில் அது போவதில்லை, பெயர்-முகவரிப் பட்டியலாகக் கணினியிலேயே இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்ப்பதில்லை. அந்தச் சேவையோ விண்டோஸ் 8 முதல் எல்லா இணைப்புகளிலும் ஒரே நேரத்தில் கேள்வியை அனுப்பக்கூடியது. என் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ், இல்லாத பெயருக்கும் தன் விளம்பரப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கும் பழக்கமுள்ளது. பக்கத்தில் இருப்பதால் அதன் பொய்யான பதில் பெரும்பாலும் முந்திக்கொண்டது.

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் கட்டளையைக் கொடுத்த பிறகுதான் விண்டோஸ் உண்மையில் காணும் பதில் தெரிந்தது. விண்டோஸின் நிர்வாக அமைப்பான குரூப் பாலிசியில் அந்த இணையான தேடலை நிறுத்தி, விபிஎன் இணைப்புக்கு முன்னுரிமை கிடைக்க அதன் மெட்ரிக் எண்ணைக் குறைத்த பின் விளம்பரப் பக்கம் வரவில்லை.

*

லினக்ஸ் மடிக்கணினியில் நான் செய்த பிழை இதைவிட எளியது. எந்த டிஎன்எஸ் சர்வர்களைக் கேட்க வேண்டும் என்று குறிக்கும் ரிசால்வ் கான்ஃப் கோப்பில் வீட்டு ரூட்டரை முதலிலும் அலுவலக டிஎன்எஸ்ஸை இரண்டாவதாகவும் எழுதி, முதலாமவருக்குத் தெரியாததை இரண்டாமவர் சொல்வார் என்று காத்திருந்தேன். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்பதும் முழுமையான பதில்தான்; அது வந்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். முதல் சர்வர் வாய் திறக்காமல் இருந்தால், வழக்கமாக 5 விநாடி காத்திருந்துவிட்டு, அடுத்தவரிடம் போகும். இப்போது லினக்ஸின் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டில் அலுவலக டொமைனை விபிஎன் இணைப்புக்கு மட்டும் உரியதாக ஒதுக்கியிருக்கிறேன். எந்த இணைப்பு எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை வரி வரியாகக் காட்டிவிடுகிறது.