அப்பாவை மன்னிக்க வழி தெரியவில்லை, உதவுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சபையில் அப்பாவுக்கு நல்ல பெயர், வீட்டில் பெல்ட். பெற்றாருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வேதவசனம் எபேசியர் 6:1 எங்களுக்கு மனப்பாடம். மூன்று வசனம் தள்ளி, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கும் பவுல் எழுதியிருப்பதைக் கல்லூரி விடுதியில்தான் பார்த்தேன். குடும்ப ஜெபத்தில் அதை யாரும் வாசித்ததில்லை!

இப்போது எனக்கு ஒரு மகன். அவன் வீறிட்டு அழுதாலே என் உடம்பு நடுங்குகிறது. 'எங்கள் பிதாவே' என்று ஜெபிக்கத் தொடங்கினால் அப்பாவின் முகம்தான் வருகிறது.

சபையில் "மன்னித்து மறந்துவிடு" என்கிறார்கள். சரி, ஆனால் யோசேப்புகூட தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளவில்லையே. ஆதியாகமம் 42 முதல் சோதித்துப் பார்த்துவிட்டு, 45இல்தான் தன்னை வெளிப்படுத்தினார். அந்த அவகாசம் எனக்கும் வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் இதுபோன்ற பிரச்சினைக்கு யாராவது ஆலோசனை பெற்றிருக்கிறீர்களா? அப்புறம், கிறிஸ்மஸுக்கு அப்பா பேரனோடு வரச் சொல்கிறார். இப்படி வளர்ந்தவர்கள் பெற்றோர் வீட்டோடு போக்குவரத்தை எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள்? ஜெபிக்கிறோம் என்பதோடு, நீங்கள் செய்ததையும் எழுதுங்கள்.