கூடைப்பந்தில் மொத்தப் புள்ளிகள் மீதான பந்தயம்: அந்த எண் எப்படி வகுக்கப்படுகிறது?

மார்த்தாண்டம் விங் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவன் நான்; இப்போதும் காலை ஆறு மணிக்கு என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர்) நேரலை இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கப் போவேன். டொராண்டோவில் இருக்கும் என் அக்காவின் கணவர், அங்கே சட்டப்படி இயங்கும் தளம் ஒன்றில், இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் புள்ளிகள் 224.5 போன்ற ஓர் எண்ணைத் தாண்டுமா, தாண்டாதா என்று பணம் வைக்கிறார். ஆட்டம் தெரிந்தவன் என்பதால் அத்தான் என்னிடம் கருத்துக் கேட்கிறார். அந்த எண்ணை எதை வைத்து வகுக்கிறார்கள்? ஆட்டத்தை அறிந்தவருக்கு அதில் உண்மையான சாதகம் உண்டா? இங்குள்ள நண்பர்கள் சிலரும் கைபேசிச் செயலியில் இதைத் தொடங்கியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

நாகர்கோவில் பயிற்சியாளர்

தம்பி, அந்த எண்ணின் அடித்தளம் ஆட்டத்தின் வேகம். ஓர் அணி பந்தைத் தன் வசம் எடுத்து, கூடையில் போட்டோ பறிகொடுத்தோ முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசஷன். இன்றைய 48 நிமிட ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ நூறு பொசஷன் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 1.14 புள்ளி வந்தால் இரு அணிகளுக்கும் சேர்த்து 228 ஆகும். இரு அணிகளும் நிதானித்து ஆடி அது 96-ஆகக் குறைந்தால், ஷாட்டின் தரம் சிறிதும் மாறாமலேயே மொத்தம் 219-க்கு இறங்கிவிடும். நம்மவர்கள் பெரும்பாலும் யார் நன்றாகச் சுடுகிறார் என்பதையே பார்க்கிறார்கள். யார் பந்தை விரைந்து முன்னே கொண்டுவருகிறார் என்பதைப் பார்ப்பதில்லை.

வேகம் எவ்வளவு பெரிய காரணி என்பதற்கு ஒரு சான்று போதும். பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது 1954-இல். அதற்கு முன், 1950 நவம்பரில், ஃபோர்ட் வேய்ன் அணி மினியாபொலிஸை 19–18 என்று வென்ற ஆட்டத்தில் மொத்தமே 37 புள்ளிகள்தான்.

முடிவு நேரத்தையும் கவனியுங்கள். ஐந்தாறு புள்ளிகள் பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே ஃபவுல் (விதிமீறல்) செய்யும். அதனால் எதிரணிக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்கள் (தடுப்பவரின்றிக் கூடையில் எறியும் வாய்ப்புகள்) மொத்தத்தை உயர்த்தும். கூடுதல் நேரப் புள்ளிகளும் வழக்கமாகக் கணக்கில் சேரும் என்பதால், 110–110 என்று சமனாகும்போது ‘கீழே’ என்று வைத்தவரின் வெற்றி, அடுத்த ஐந்து நிமிடங்களில் கைநழுவிவிடும்.

தக்கலை புள்ளியியல் ஆசிரியை

பயிற்சியாளர் ஐயா விளக்கிய யாவும் அந்த எண்ணை வகுப்பவர்களுக்கும் தெரியும் என்பதுதான் இங்கே முக்கியம். காயம், தொடர் பயணம், அடுத்தடுத்த நாள் ஆட்டம் என எல்லாமே அதற்குள் அடங்கியிருப்பதால், உங்கள் அறிவு சரியாக இருந்தாலும் அதற்குத் தனி விலை கிடைப்பதில்லை. அதற்கு மேல் தளம் தனக்கென எடுத்துக்கொள்ளும் பங்கு இருக்கிறது. 100 வெல்ல 110 வைக்க வேண்டும் என்பதே பொதுவான விகிதம். நூறு பந்தயங்களில் 52-ஐ வென்றால் 5,200 வரும்; தோற்ற 48-க்கு 5,280 போகும். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னவருக்கும் 80 நட்டம். நட்டமின்றித் தப்பவே ஏறத்தாழ 52.4 விழுக்காடு வேண்டும், அதையும் நெடுங்காலம் நிலைநிறுத்த வேண்டும். உங்கள் அத்தான் ஒவ்வொரு பந்தயத்தையும் எழுதிவைத்து இந்த விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

குழித்துறை வழக்கறிஞர்

உங்கள் நண்பர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இத்தகைய தளங்களை நடத்துவதையும், விளம்பரம் செய்வதையும், அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்கிறது. எனவே அந்தச் செயலியில் போட்ட பணம் திரும்ப வராவிட்டால் அவர்கள் எங்கே போய் முறையிடுவார்கள்? இதை அவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் விங்

மூவருக்கும் மிக்க நன்றி. நண்பர்களிடம் இன்றே பேசுகிறேன். ஒரு துணைக் கேள்வி: அணிக்கு உள்ளே நடப்பதை முன்கூட்டியே அறிபவர்களால் இந்த மொத்தத்தைத் திருப்ப முடியுமா?

நாகர்கோவில் பயிற்சியாளர்

தனி வீரர் ஒருவரால் அது கடினம். டொராண்டோ ராப்டர்ஸ் வீரர் ஜான்டே போர்ட்டர், தம் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரருக்குக் கொடுத்து, ஓர் ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியதற்காக 2024 ஏப்ரலில் வாழ்நாள் தடை பெற்றார். ஆனால் அந்தப் பந்தயம் அவருடைய சொந்த ஆட்டக் கணக்கின் மீதானது, அணிகளின் மொத்தத்தின் மீதானதன்று. நடுவரின் நிலை வேறு, ஏனெனில் எத்தனை ஃபவுல் ஊதப்படுகிறது என்பது மொத்தப் புள்ளிகளை நேரடியாகத் தொடும். தாம் நடுவராக இருந்த ஆட்டங்கள் மீதே பந்தயம் வைத்த என்.பி.ஏ. நடுவர் டிம் டோனகி 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்போது ஆட்டநாள் காலையிலேயே நடுவர்களின் பெயர்களை என்.பி.ஏ. எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறது, ஆகவே அந்தத் தகவலும் உங்கள் அத்தான் பார்க்கும் எண்ணுக்குள் முன்பே சேர்ந்திருக்கும்.