சின்ன பாத்ரூமுக்குப் பழைய சாமான்: எதை நம்பி வாங்கலாம்?

ஈரத்தரை கேட்டது:

எங்கள் பாத்ரூம் ஆறடிக்கு நாலடி. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போடக் கூடாது. புழங்குவது நாலு பேர். நேற்று எண்ணிப் பார்த்தேன், ஷாம்பு பாட்டில் மட்டும் ஏழு. அதில் மூன்று, கடைசிச் சொட்டுக்காகத் தலைகீழாக நிற்கின்றன. ஜன்னல் விளிம்பு நிரம்பி, இப்போது ஃப்ளஷ் டேங்க் மூடிக்கும் குடியேறிவிட்டார்கள். போன வாரம் என் பிரஷ் அங்கிருந்து எங்கே விழுந்தது என்று சொல்ல மாட்டேன்.

செலவு குறையட்டுமே என்று பழைய சாமான் கடையில் ஒரு குட்டி அலமாரி வாங்கினேன். வெள்ளையாக, பளிச்சென்று இருந்தது. மூன்றே வாரம். அடிப்பலகை ஊறி உப்பி, கதவு மூட மறுக்கிறது. ஓரத்தைக் கிள்ளினால் ஈர மரத்தூள் கையோடு வருகிறது. புதிதாக வாங்கும் எண்ணம் இல்லை. பழையதிலேயே எதை நம்பலாம்?

ஓட்டைக்கூடை எழுதியது:

அது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. மேலே ஒட்டிய வெள்ளைத் தாள் விளிம்பில் பிரிந்தால் போதும், தண்ணீரைக் குடித்துவிடும். உப்பியது திரும்ப வற்றாது. எடுத்துப் படுக்கையறையில் போடுங்கள், பாத்ரூமுக்கு வேண்டாம். நானும் இதே தவறைச் செய்தவள்தான், அதுவும் இரண்டு முறை.

இனி எதையும் வாங்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக் கூடத்தில் கொட்டுங்கள். நான் கொட்டியபோது காலாவதியான களிம்பு இரண்டு, மூடி இல்லாத பேஸ்ட், யாருடையது என்றே தெரியாத ஒரு சீப்பு எல்லாம் வந்தன. பாதி பொருள் திரும்ப உள்ளே போகவே இல்லை. மாத்திரை மருந்துகளையும் அங்கே வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அவற்றுக்கு ஆகாது.

அப்புறம் அளவு. அகலம், உயரம் எல்லாரும் எடுப்போம். கதவு எதுவரை திறக்கிறது என்பதை மறந்துவிடுவோம். அருமையான ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்து, ஒரு மாதம் பாதி திறந்த கதவில் ஒருக்களித்து நுழைந்தோம். இப்போது என் கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: தண்ணீர் தங்காமல் வடிய வேண்டும். அதனால் பாத்ரூமுக்கென்று செய்ததையே தேட வேண்டியதில்லை. மூன்றடுக்குக் காய்கறி ஸ்டாண்டு, பாத்திரம் கவிழ்க்கும் கூடை, ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தட்டு எல்லாம் ஆகும். எங்கள் வீட்டில் ஷாம்பு நிற்பது முன்பு தட்டுகள் காய்ந்த கூடையில். தட்டு செருகும் இடுக்குகளில் சீப்பும் ரேசரும்.

ஸ்டாண்டு என்றால் கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடியில் ரப்பர் மூடி இருக்கிறதா? இல்லாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் ஏறி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் நகர்த்தினால் டைல்ஸில் நாலு ஆரஞ்சு வளையம். அந்தக் கறையைத் தேய்த்த கை இன்னும் வலிக்கிறது.

பழையஇரும்பு எழுதியது:

ஒரு காந்தத்தையும் கொண்டு போங்கள். ஒட்டாவிட்டால் எவர்சில்வர், யோசிக்காமல் வாங்கலாம்.

ஓட்டைக்கூடை எழுதியது:

முழுக்க நம்ப முடியாது. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வரும் உண்டு, 430 வகை அப்படித்தான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. நான் பார்ப்பது கம்பியும் கம்பியும் சேரும் பற்றவைப்பு இடங்களை. துரு முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். மேலாக லேசான துரு என்றால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஓர் இரவு விட்டு, தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து பிரைமரும் பெயிண்டும் அடித்துவிடலாம். செதில் செதிலாக உதிர்ந்தால் விட்டுவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவானாலும்.

கொக்கி எழுதியது:

ஓட்டை போட முடியாது என்றால் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கிகளைத் தேடுங்கள். துண்டு போடும் கம்பி இருந்தால் எஸ் கொக்கியில் சின்னக் கூடை தொங்கவிடலாம். சக்ஷன் கப் வழவழப்பான டைல்ஸில்தான் நிற்கும், சொரசொரப்பில் நடுராத்திரி விழுந்து எல்லாரையும் எழுப்பும். பிரம்புக் கூடை அழகுதான், ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று, கழிப்பறை ஆசிடையும் பிளீச்சையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். குழந்தை இருந்தால் இரண்டுமே உயரத்தில், பூட்டி.

ஈரத்தரை எழுதியது:

சொன்னபடி கூடத்தில் கொட்டினேன். ஏழு ஷாம்பு மூன்றானது, தலைகீழாக நின்றவை எல்லாம் ஒரே பாட்டிலுக்குள் போய்விட்டன. (என் பெண்ணுக்கு அந்தக் கலவை பிடிக்கவில்லை, வாசனை குழப்பமாம்.) அளவு நாடாவோடு போய்ப் பாத்திரக் கூடை ஒன்றும் கதவுக் கொக்கி ஒரு ஜோடியும் எடுத்து வந்தேன். கூடையின் ஒரு காலில் மூடி இல்லை. பழைய ஊன்றுகோலின் அடி ரப்பரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், கொஞ்சம் பெரிது. உள்ளே சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றியதும் இறுகிவிட்டது.

ஃப்ளஷ் டேங்க் மூடி காலி. உப்பிய அலமாரியில் இப்போது செருப்பு இருக்கிறது, கதவைத்தான் கழற்றிவிட்டோம்.