சிறையிலிருந்து வர்றவருக்குப் பனியன் கம்பெனியில வேலை: முதல்ல எதைப் பாக்கோணும்?

ஜாப்ஒர்க்_திருப்பூர்:
சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுங்க, மத்த கம்பெனிக்குக் கூலிக்குத் தெச்சுக் குடுக்கறோம். கோவை மத்திய சிறையில ஆறு வருசம் இருந்தவர் அடுத்த மாசம் வெளியே வர்றார். உள்ளே தையல் பழகியிருக்காராம், வேலை தர்றதா ஒப்புக்கிட்டாச்சு. பேப்பர் வேலை என்னென்ன? எந்த மிசின்ல உக்கார வெக்கிறது?

வாய்தா:
தண்டனை முடிஞ்சு வர்றாரா, அப்பீல் நடக்கறப்ப ஜாமீன்ல வர்றாரான்னு மொதல்ல கேளுங்க. ஜாமீன்னா கண்டிசன் கையெழுத்து இருக்கலாம். காலைல 10.30க்கு ஸ்டேசன்ல நிக்கோணும்னா பகல் ஷிப்ட் தோதுப்படாது. தளர்த்தச் சொல்லி வக்கீல் மூலமா மனுப் போடலாம்.

அதைவிட வில்லங்கம், வேற ஊர்ல கெடக்கிற பழைய கேஸ். வாய்தாவுக்குப் போகாம பிடிவாரண்ட் ஆகியிருந்தா, வேலைக்குச் சேந்த பொறவு கம்பெனி வாசல்லயே பிடிச்சுட்டுப் போயிருவாங்க. கோர்ட் கேஸ் விவரம் பாக்கற இ-கோர்ட்ஸ் தளத்துல பேரும் வருசமும் போட்டுத் தேடுங்க. இங்கிலீஷ்ல பேரை எப்படி வேணா எழுதியிருப்பாங்க, நாலஞ்சு விதமா அடிச்சுப் பாக்கோணும். வாரண்ட் இருந்தா தானா ஆஜராகி, வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி ரீகால் மனுப் போடறதுதான் நல்லது. வக்கீலுக்கு வழியில்லேன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேக்கலாம், போன் 15100.

இசேவை_அவிநாசி:
சம்பளம் போட பேங்க் கணக்கு வேணும், அதுக்கு முன்னால செல் நம்பருங்க. 90 நாளுக்கு மேல பயன்படுத்தாம கெடந்தா சிம்மைக் கட் பண்ணி, பின்னால அந்த நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துரலாம். ஆதார்ல பழைய நம்பர் இருந்தா ஓடிபி அந்த வேற ஆளுக்குத்தான் போகும். புது சிம் வாங்கி, ஆதார் மையத்துல கைரேகை வெச்சு நம்பரை மாத்தச் சொல்லுங்க. அதுக்குத் தனியா ஆவணம் கேக்க மாட்டாங்க. அப்புறம் பேங்க். ரெண்டு வருசம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்) குடுத்தாப் போதும், திறக்கக் காசு வாங்கக் கூடாது. பழைய பிஎஃப் யூஏஎன் (UAN) நம்பர் இருந்தா அதையே தொடருங்க, புதுசு எடுத்துச் சிக்கல் பண்ணாதீங்க.

ஓவர்லாக்:
உள்ளே பழகினது பெரும்பாலும் சிங்கர் மிசினும் (ஒத்த ஊசி நேர்த்தையல்) நெசவுத் துணியுமாத்தான் இருக்கும். பனியன் துணி இழுபடும். கையால இழுத்துக் குடுத்தா ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிசின்ல தையல் அலை அலையா வந்துரும். தெச்ச துணியைச் சரிபாக்கற செக்கிங்ல விட்டு, மதியத்துக்கு மேல வேஸ்ட் துணியில ஓட்டப் பழக்குங்க. எடுத்ததுமே பீஸ் ரேட் (துணிக்கு இவ்வளவுன்னு கூலி) வேண்டாம், கை வேகம் வர்ற வரைக்கும் ஷிப்ட் சம்பளம் போடுங்க. சனிக்கெழமை வாரச் சம்பளம் கம்மியா வாங்கினா திங்கக்கெழமை வரமாட்டார்.

ஜாப்ஒர்க்_திருப்பூர்:
ரூம் அட்வான்சுக்கு 20,000 கேக்கறாருங்க. கூட வேலை செய்யறவங்ககிட்ட கேஸைப் பத்திச் சொல்லோணுமா?

ஓவர்லாக்:
அட்வான்ஸை ரூம் ஓனர்கிட்ட நீங்களே கட்டி ரசீது வாங்கிக்குங்க. அந்தக் கடனைச் சொல்லி ஆளைப் போகவிடாம நிறுத்தினா கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976 உங்க மேல திரும்பும். வாராவாரம் சின்னத் தொகையா, அவரு கையெழுத்தோட நோட்டுல கழிச்சுட்டு வாங்க. கேஸ் விசயம் சூப்பர்வைசர் ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க. அதுவும் வேலைக்கு வர்றவரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.