ஆற்று நண்டு ஜெயித்துவிட்டதா?

கயல்_சிங்கை:
சீன அதிபராக இருந்த ஹூ ஜிண்டாவ் காலத்து முழக்கம் ‘இணக்கமான சமுதாயம்’. சீனத்தில் இணக்கம் ‘ஹஷியே’. தொனியை மாற்றினால் ஆற்று நண்டு. இணையத்தில் ஒரு பதிவைத் தணிக்கை அழித்தால் ‘நண்டாக்கிட்டாங்க’ என்பார்கள். 2009 தொடக்கத்தில் ஆபாச ஒழிப்பு என்று தளங்களை மூடியபோது ‘புல்-சேற்றுக் குதிரை’ வந்தது. பெயரைச் சொன்னால் தாயைப் பழிக்கும் வசவு மாதிரி கேட்கும். உருவம் சாதுவான அல்பாக்கா. புல்வெளியைப் பிடிக்க வரும் நண்டுகளை அது விரட்டியடிக்கும். இது கேலி மட்டுமில்லை, எதிர்ப்பு.

தணல்:
எதிர்ப்பா? 2010 நவம்பரில் ஷாங்காயில், இடிக்கப் போகும் தன் ஸ்டூடியோவில் அரசை விமர்சித்த கலைஞர் அய் வெய்வெய் நண்டு விருந்து ஏற்பாடு செய்தார். அவரை பெய்ஜிங் வீட்டை விட்டே நகரவிடவில்லை. வந்தவர்கள் நண்டு சாப்பிட்டார்கள். ஜனவரியில் கட்டடம் தரைமட்டம். ஏப்ரலில் அவரையே பிடித்து 81 நாள் அடைத்தார்கள். சிரித்தால் கோபம் இறங்கிவிடும், ஆட்சிக்கு அதுதான் வசதி.

வடக்குவீதி:
வசதியாக இருந்தால் 2014-இல் ஒலிபரப்பிலும் விளம்பரத்திலும் சிலேடை கூடாது என்று எதற்கு உத்தரவு போட்டார்கள்?

தணல்:
போட்டார்கள் சார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது? என் கவலையே வேறு. 1989-இல் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய ஜூன் 4-ஐ எழுத முடியாமல், மே 31-க்கு மேல் நான்கு நாள் எண்ணி ‘மே 35’ என்கிறார்கள். 1989 தெரிந்தவனுக்குத்தான் அது புரியும். தெரியாத பிள்ளைக்கு அது வெறும் தப்பான தேதி.

கயல்_சிங்கை:
தப்பான தேதி என்பதால்தானே அந்தப் பிள்ளை கேட்கும்! என்னோடு வேலை பார்த்த சீனப் பெண்ணின் மேஜையில் ஓர் அல்பாக்கா பொம்மை இருக்கும். 2009-இல் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. அழகாக இருக்கிறதே என்று வாங்கினாராம். அண்ணன் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஏன் என்று கேட்டாராம். அப்படித்தான் தணிக்கை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது. சாப்பாட்டு பில்லின் பின்பக்கத்தில் இணக்கத்தையும் நண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்குக் காட்டினார்.

தணல்:
ஒரு வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார், சரி. எல்லா வீட்டிலும் இருப்பாரா?

கயல்_சிங்கை:
2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள் தணல். வூஹான் டாக்டர் அய் ஃபென், கொரோனா தொற்றைப் பற்றி எச்சரித்ததற்காகத் தன்னைக் கண்டித்ததை ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். சில மணி நேரத்தில் அழித்தார்கள். ஜனங்கள் அந்தப் பேட்டியைத் தலைகீழாக எழுதினார்கள், மோர்ஸ் குறியில் எழுதினார்கள், எமோஜியில் எழுதினார்கள், எலும்பில் செதுக்கிய பழங்காலச் சீன எழுத்தில்கூட எழுதினார்கள். பத்து வருடம் நண்டோடும் குதிரையோடும் பழகிய கை அது.