புகையா, பழமா, வெனிலாவா? சுவை அறிந்து விஸ்கி தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

கிளாஸ்கோவில் வசிக்கும் உறுப்பினர்:

வட்டாரப் பெயரை மட்டும் பார்த்து சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி) வாங்குபவர்கள் ஒருமுறை ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குச் சென்று வருவது நல்லது. அதன் தென்கரையில் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் ஆகிய வடிசாலைகள் அடுத்தடுத்து உள்ளன. முளைகட்டிய பார்லியை, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகையில் உலர்த்துவதால், இவற்றின் விஸ்கியில் புகையோடு கிருமிநாசினியை ஒத்த நெடியும் ஏறிவிடுகிறது. என்னுடன் வந்த நண்பர் லஃப்ராய்க்கை முகர்ந்த உடனே, "புண்ணுக்குப் போடும் டிங்சர் போல இருக்கிறதே" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார்; ஐலா விஸ்கியே தமக்கு ஒத்துவராது என்றும் தீர்மானித்துவிட்டார். மறுநாள் அதே தீவின் வடகிழக்கில் உள்ள புன்னஹாவன் வடிசாலையில், பீப்பாயில் 12 ஆண்டு முதிர்ந்த விஸ்கியை அவரிடம் கொடுத்தார்கள். அங்கே பெரும்பாலும் புகையூட்டாத பார்லியையே வடிக்கிறார்கள் என்பதாலும், ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதாலும், அதில் உலர்திராட்சையும் வறுத்த பருப்பும் கலந்தாற்போன்ற இனிமை இருந்தது. நண்பர் மறுமுறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கடைகளில் நான் முதலில் கேட்பவை இரண்டே: பார்லிக்குப் புகை காட்டினார்களா, பீப்பாயில் முன்பு என்ன இருந்தது?

எடின்பரோவில் வசிக்கும் உறுப்பினர்:

இரண்டாவது கேள்வியே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஒரு சுவைப்பு நிகழ்ச்சியில் கிளென்மோரஞ்சி என்னும் ஸ்காட்ச் விஸ்கியின் அடிப்படை வகையையும் கிளென்ஃபார்க்ளஸ் என்னும் மற்றொரு ஸ்காட்ச் விஸ்கியையும் அருகருகே வைத்தார்கள். முன்னது அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்வதால் வெனிலாவும் ஆரஞ்சுத் தோலும் மணந்தன. பின்னது ஷெர்ரி பீப்பாயில் முதிர்வதால் பேரீச்சையும் கிராம்பும் முன்னே நின்றன. இரண்டிலும் புகை இல்லை என்றாலும், ஒன்றை விரும்புபவருக்கு மற்றொன்று பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நிறத்தை நம்பி இதைக் கண்டுபிடிக்கவும் இயலாது. ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் நிறமூட்டி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. புட்டியில் போட்டிருக்கும் முதிர்வு ஆண்டுக் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது: பீப்பாயில் நாள் ஆக ஆகப் புகை தணிவதால், புகையை நாடுபவருக்கு இளைய விஸ்கியே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். விலையும் குறைவு என்பதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வதில்லை.

பெங்களூருவில் வசிக்கும் உறுப்பினர்:

புகையா இனிப்பா என்று முடிவெடுக்க இயலாத என் மைத்துனருக்கு அம்ருத் ஃப்யூஷன் என்னும் இந்திய சிங்கிள் மால்ட்டை வாங்கிக் கொடுத்தேன். இந்தியாவில் விளைந்த புகையூட்டாத பார்லியையும், ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகையூட்டிய பார்லியையும் தனித்தனியே வடித்து முதிரவைத்த பின்னர் கலப்பதால், இதில் இரண்டு சுவைகளும் இருக்கின்றன. ஆல்கஹால் அளவு 50 சதவீதம் என்பதால், முதல் வாயிலேயே அவர் முகம் சுளித்தார். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் காரம் அடங்கிப் புகை மணம் மேலெழுந்தது. நீர்த்த விஸ்கியில், புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்னும் மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்பை நாடும் என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2017-இல் கணினி வழி உருவகித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கடையில் ருசி பார்க்கக் கொடுத்தால், பாதியை அப்படியேயும் மீதியைத் தண்ணீர் சேர்த்தும் பருகிய பிறகே புட்டியை வாங்குங்கள்.